குணமாகி வந்தவரின் கால்கள்

கண்டியில் சமதரையில் வாழக் கிடைத்தவர்கள் சிலரே. நகரின் நடுவே ஏரியைச் சுற்றியும், மகாவலியை ஒட்டிய பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளிலும் கொஞ்சம் சமநிலம் உண்டு. மற்றபடி கடைக்குப் போக இறங்க வேண்டும், வீடு திரும்ப ஏற வேண்டும். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று தோட்டப் பகுதிகளுக்குள் போய்விட்டாலோ லயத்து வாசலுக்கே படிகள். பீலியில் தண்ணீர் பிடிக்கவும் படிகள். வேலைக்குப் போவதையே 'மலைக்குப் போவது' என்றுதான் சொல்கிறார்கள். எனவே ஒருவருடைய தொடைத் தசைகளில் பலம் குறையத் தொடங்கினால், கொழும்புத் தொடர்மாடியில் மின்தூக்கியில் ஏறி இறங்குகிறவருக்குப் புலப்படுவதற்கு வெகுமுன்பே இங்குள்ளவருக்குப் புலப்பட்டுவிடும். ஆனால் புலப்படுவது வேறு, அதை ஒரு நோய் என்று அறிந்து உரிய இடத்தில் சொல்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கு ஓடிவிடுகிறது.

வேறொருவரின் என்புமச்சையிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த குருத்துக்கலங்களைப் பெற்று உயிர் பிழைத்தவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். (தமிழகத்து வாசகர்கள் 'எலும்பு மஜ்ஜை', 'ஸ்டெம் செல்' என்பார்கள். நம் நாட்டுப் பாடநூல்களில் மஜ்ஜை மச்சையாகவும் செல் கலமாகவும் நிற்கின்றன. பழகிய வழக்கை விட எனக்கு மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்க.) இரத்தப் புற்றுநோய்கள் சில, மச்சை வற்றிப்போவதால் வரும் சோகை, தலசீமியா ஆகியவற்றுக்கு இந்த மாற்றுச் சிகிச்சையே பலருக்குக் கடைசி வழி, சிலருக்கு ஒரே வழி.

செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் இத்தகைய நோயாளிகளின் முகம் தெரிந்திருக்கும். உதவி கோரும் விளம்பரத்தில் ஒரு சிறு புகைப்படம், கீழே வங்கிக் கணக்கு இலக்கம், வைத்தியரின் கடிதத்தில் இருந்து இரண்டு வரி. ஜனாதிபதி நிதியத்துக்கு ஒரு விண்ணப்பம், கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒரு சேகரிப்பு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் பணம். பிறகு சென்னைக்கோ வேலூருக்கோ பயணம். சில மாதங்கள் கழித்து, 'சிகிச்சை வெற்றி, நன்றி' என்று நான்கு வரிச் செய்தி. அத்தோடு பத்திரிகைக்கு அந்தக் கதை முடிந்துவிடும். அது பத்திரிகைத் தொழிலின் இயல்பு. திரும்பி வருதல் செய்தி, திரும்பி வந்து வாழ்தல் செய்தியல்ல. வியப்பு என்னவென்றால் குடும்பமும், ஊரும், சில வேளைகளில் மருத்துவ உலகமுமே அதே இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன என்பதுதான்.

இச்சிகிச்சையின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்கரான டொனால் தோமஸ் மனிதரில் என்புமச்சை ஏற்றிய முதல் முயற்சிகளை 1957-இல் வெளியிட்டார். அந்த நோயாளிகள் நெடுநாள் வாழவில்லை. அவர் விடவில்லை, 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கியது. கொடையாளிகளைப் பதிவு செய்யும் 'தாத்ரி' என்ற அமைப்பு 2009 முதல் சென்னையில் இயங்குகிறது. கொழும்பிலும் இப்போது இச்சிகிச்சை நடக்கிறது. கண்டியைப் பொறுத்தவரை, உறுப்பு மாற்று இந்நகருக்குப் புதிதன்று. நாட்டின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017-இல் கண்டி வைத்தியசாலையில்தான் நடந்தது. ஆயினும் மச்சை மாற்றுக்காகக் கடல் கடந்து போய்த் திரும்புகிறவர்களுக்கு, மாற்று நடந்த நகரம் ஒன்று, வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகும் ஊர் இன்னொன்று.

இதய மாற்றுக்கும் மச்சை மாற்றுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1821 முதல் இருக்கும் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒட்டுச் செடி புதிதல்ல. நாட்டு மாங்கன்றில் நல்ல மாவின் கிளையை ஒட்டினால், ஒன்று அது பிடித்துக்கொள்ளும், அல்லது பட்டுப்போகும். மரம் கிளையை ஏற்காமல் போகலாம். கிளை மரத்தைத் தின்பதில்லை. இதயமோ சிறுநீரகமோ மாற்றும்போது நாம் பெரிதும் அஞ்சுவதும் அதைத்தான்: உடல் புதிய உறுப்பை நிராகரித்துவிடுமோ என்று. மச்சை மாற்றில் நிலைமை தலைகீழ். வெளியே இருந்து வருவது வெறும் உறுப்பன்று, ஒரு முழுப் பாதுகாப்புப் படை. வந்த படை தான் குடியேறிய வீட்டையே அந்நியமாகக் கண்டு தாக்கக்கூடும். ஒட்டுக்கிளை மரத்தைத் தாக்கும் இந்த நிலையை 'ஒட்டு எதிர் ஓம்புனர் நோய்' என்று கலைச்சொல் ஆக்கியிருக்கிறார்கள். இந்நோய் தோன்றுவதற்கான நிபந்தனைகளை 1966-இல் ரூபர்ட் பில்லிங்ஹாம் வகுத்துச் சொன்னார்: ஒட்டில் நோயெதிர்ப்புக் கலங்கள் இருக்க வேண்டும், பெறுபவர் அவற்றுக்கு அந்நியராக இருக்க வேண்டும், அவற்றை எதிர்த்து விரட்டும் வலு பெறுபவருக்கு இல்லாதிருக்க வேண்டும். மூன்றும் மச்சை மாற்றில் ஒருசேர அமைந்துவிடுகின்றன.

இரத்தப் புற்றுநோயில் இத்தாக்குதலுக்கு ஒரு நன்மையும் உண்டு. மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் புற்றுக்கலங்களையும் அதே படைதான் தேடிக் கொல்கிறது. ஆகவே வைத்தியர்கள் அதை அடியோடு அடக்கிவிட விரும்புவதில்லை. தலசீமியாக் குழந்தைக்கோ அந்த நன்மையும் இல்லை, தீமை மட்டுமே.

இந்நோயின் நாட்பட்ட வடிவம் மாற்றுப் பெற்ற பெரியவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிக்கு மேற்பட்டோர் வரை தோன்றுவதாகச் சொல்வார்கள். தோல் தடிக்கும், வாய் புண்ணாகும், கண் வறளும், ஈரல் கெடும், மூச்சுக் குழல்கள் சுருங்கும். இவற்றை எதிர்பார்த்து நோயாளிக்கும் ஓரளவு சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லாமல் விடப்படுவது, அல்லது சொன்னாலும் பட்டியலின் கடைசியில் கிடப்பது, தசை அழற்சி. நாட்பட்ட நோய் கண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே இது வருகிறது. அரிது என்பதுதான் இதன் ஆபத்து. மாற்று முடிந்து பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, 'இனிப் பயமில்லை, மாத்திரையைக் குறைக்கலாம்' என்ற கட்டத்தில்தான் பல வேளைகளில் தலைகாட்டுகிறது. கொடையாளியின் டி-கலங்கள் தசைநார்களுக்குள் புகுந்து நிற்கின்றன. உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெரிய தசைகள் முதலில் பலமிழக்கின்றன: தொடை, இடுப்பு, தோள், கழுத்து. குந்தியிருந்து எழ முடியாது. பஸ் மிதிபலகையில் காலைத் தூக்கி வைக்க முடியாது. தலை வாரக் கை உயராது. கொடியில் துணி போட முடியாது. சிலருக்கு வலி மிகுதி, சிலருக்கு வலியே இல்லை. மோசமானால் விழுங்கும் தசை, மூச்சுத் தசை, அபூர்வமாக இதயத் தசை வரை போகும்.

இப்போது ஓர் இளைஞரை எண்ணிக்கொள்ளுங்கள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயதில் இரத்தப் புற்றுநோய், அக்காளின் மச்சை, இந்தியாவில் சிகிச்சை. மூன்றாம் ஆண்டில் படி ஏறும்போது கால் ஓய்கிறது. அவர் என்ன நினைப்பார்? நோயில் கிடந்த உடம்பு, இன்னும் தேறவில்லை என்று நினைப்பார். அம்மா, சத்தான சாப்பாடு போதவில்லை என்பார். பக்கத்து லயத்துப் பெரியவர் வாதம் என்று சொல்லி எண்ணெய் காய்ச்சித் தருவார். மலை ஏறிக் கொழுந்து பறித்து, நிறை போதாமல் அரைப்பேர் வாங்கி வரும் பெண்கள் நிறைந்த இடத்தில், கால் வலி என்பது ஒரு முறைப்பாடாகவே எடுபடாது. அங்கே யாருக்குத்தான் கால் வலிக்கவில்லை?

ஒருவழியாக அவர் பேராதனைக்கோ கண்டிக்கோ வந்து கிளினிக் வரிசையில் இருந்து வைத்தியரிடம் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'முடியல' என்கிறார். யாழ்ப்பாணத்தவராக இருந்தால் 'ஏலாமல் கிடக்கு' என்றிருப்பார். இரண்டுமே எல்லாவற்றையும் அடக்கும் சொற்கள்: காய்ச்சலும் முடியாமைதான், களைப்பும் முடியாமைதான், மனச்சோர்வும் முடியாமைதான். பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவர் உதவி செய்வதாக எண்ணி அதைச் சிங்களத்தில் 'அமாருய்' என்று பெயர்க்கிறார். அதுவும் அதே அகலம் கொண்ட சொல். வைத்தியர் ஆங்கிலத்தில் களைப்பு என்று எழுதிக்கொள்கிறார். மூன்று மொழிகளைக் கடந்து வரும்போது தசையின் பலமின்மை வெறும் அலுப்பாகிவிடுகிறது. களைப்புக்கு இரத்தச் சோகையைத் தேடுவார்கள், தைரொயிட்டைத் தேடுவார்கள். தவறில்லை, அவையும் இந்நோயாளிகளுக்கு வருபவையே. தசையைத் தேட மாட்டார்கள். 1987-இல் 13-ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அது அறிவிப்புப் பலகைக்கு வந்து சேர்ந்த அளவுக்குக் கிளினிக் மேசைக்கு வந்து சேரவில்லை. இதில் தனிப்பட்ட எந்த வைத்தியரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு காலையில் அவர்கள் பார்க்க வேண்டிய கூட்டத்தைப் பார்த்தவன், அவர்களிடம் மொழிபெயர்ப்பு வேலையையும் எதிர்பார்க்க மாட்டான்.

இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஈரலின் நலத்தை அறிய வழக்கமாகப் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதியங்கள் தசையிலும் உள்ளன. தசை சிதைந்தால் அவையும் உயரும். மச்சை மாற்று நோயாளியின் அறிக்கையில் அவை உயர்ந்திருக்கக் கண்டால், ஈரலைத்தான் புதிய படை தாக்குகிறது என்று எண்ணுவது இயற்கை. ஈரலையே பார்த்துக்கொண்டிருக்கையில் தொடை மெலிந்துகொண்டே போகும். இதைப் பிரித்தறிய கிரியேட்டின் கைனேஸ் என்ற ஒரே ஒரு பரிசோதனை போதும். சி.பி.கே. என்று வைத்தியசாலைகளில் சொல்வது அதையே. மாரடைப்புச் சந்தேகத்துக்காக நெடுங்காலமாகச் செய்துவந்த, எங்கும் தெரிந்த பரிசோதனை அது. தசை அழற்சியில் பெரும்பாலும் பல மடங்கு உயர்ந்து நிற்கும்.

மிகக் கடினமான முடிச்சு இனித்தான் வருகிறது. இந்த நோயாளிகள் ஏற்கெனவே பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மாத்திரை விழுங்குகிறவர்கள். அந்த மாத்திரையும் நாளடைவில் தொடைத் தசையை உருக்கும். படியேற முடியாமை அதிலும் உண்டு, இதிலும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. ஆனால் மருத்துவம் நேர் எதிர்: அழற்சி என்றால் ஸ்டீரொயிட்டைக் கூட்ட வேண்டும், மாத்திரையால் வந்த மெலிவு என்றால் குறைக்க வேண்டும். மாறிச் செய்தால், இருக்கிற பலமும் போகும். மாத்திரையால் வரும் மெலிவில் பொதுவாக வலி இராது, சி.பி.கே.யும் உயராது. அவ்வளவு எளிய ஓர் எண்தான் இரண்டு எதிர்த் திசைகளில் எதில் போவது என்று காட்டுகிறது. கொலஸ்டரோல் மாத்திரையும், அதிலும் சைக்லோஸ்போரினோடு சேர்த்து எடுக்கும்போது, தசையைக் கெடுக்கும். எந்தெந்த மருந்து எடுக்கிறார் என்ற முழு விவரமும் கையில் இருந்தால்தான் அது புரியும். மேலும் உறுதி வேண்டுமானால் தசையின் மின்பரிசோதனை, எம்.ஆர்.ஐ. படம், தேவையானால் தசைத் துணுக்குப் பரிசோதனை என்று போகலாம். அதற்கான நரம்பியல் நிபுணர்களைத் தேடி மறுபடியும் கப்பலோ விமானமோ ஏற வேண்டியதில்லை. அவர்கள் கண்டியிலேயே இருக்கிறார்கள். தேவைப்படுவது, சென்னையில் செய்த வைத்தியரும் கண்டியில் பார்க்கும் வைத்தியரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசிக்கொள்வது.

மருந்து ஒழுங்காகக் கிடைப்பதும் இதில் அடங்கும். 2022 மார்ச் 29 அன்று, மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்நேரம் கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைக் கண்டு கவலை தெரிவித்து, எவ்வாறு உதவலாம் என்று பேசும்படி தம் நாட்டு உயர்ஸ்தானிகரைப் பணித்தார். சத்திரசிகிச்சை நின்றது தலைப்புச் செய்தியாயிற்று. நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை வாங்க முடியாமல் ஒருவர் நாளுக்கு இரண்டை ஒன்றாக்கிக்கொண்டால் அது எந்தத் தலைப்பிலும் வராது. தசை அழற்சி மருந்து குறையும் வேளையில் கிளம்பும் நோய் என்று மேலே சொன்னேன். வைத்தியர் திட்டமிட்டுக் குறைத்தாலே இப்படி என்றால், கடையில் இல்லாததால் குறைந்தால் எப்படியிருக்கும்?

இன்னொரு விடயம், வைத்திய நூல்களில் இல்லாதது. நம் குடும்பங்களில் கொடையாளி பெரும்பாலும் உடன்பிறந்தவர். ஒரே தாய் தந்தையின் பிள்ளைகளில் திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு; பொருந்தியவரைக் கடவுள் தந்த வரமாகக் கொண்டாடுவார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தம்பிக்குக் கால் விழுந்தால் அதே வாய்கள், 'அக்காளின் ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லும். இதைவிட அநியாயமான வாக்கியம் இருக்க முடியாது. முழுதாகப் பொருந்திய உடன்பிறப்புகளிடையேயும் பரிசோதனையில் பார்க்கப்படாத சிறுசிறு வேறுபாடுகள் எத்தனையோ உண்டு. பெண்ணின் மச்சையை ஆண் பெறும்போது ஆணுக்கே உரிய புரதங்களை அந்தக் கலங்கள் அந்நியமாகக் காண்பதால் இந்நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. அவள் பிள்ளை பெற்றவளாக இருந்தால் இன்னும் கொஞ்சம். இதையெல்லாம் அறிந்தேதான், அதைவிட நல்ல வழி இல்லாததால், வைத்தியர்கள் அவளைத் தேர்ந்தார்கள். தம்பி இன்று உயிரோடு இருந்து கால் வலி என்று சொல்கிறாரென்றால் அதுவும் அவள் கொடுத்ததுதான். இதை அவளுக்கு முன்கூட்டியே, மாற்றுக்குக் கையொப்பம் வாங்கும் நாளிலேயே, அவள் பேசும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

என் யோசனை பெரிய செலவு பிடிக்கும் ஒன்றன்று. வெளிநாட்டில் மாற்று முடித்து வரும் ஒவ்வொருவரிடமும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம் இருக்க வேண்டும், கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கிறார்களே அந்த அட்டையைப் போல. யாருடைய மச்சை, எந்தத் தேதி, இப்போது எந்த மருந்து, எவ்வளவு; பின்னால், எந்த மாற்றம் கண்டால் எங்கே போக வேண்டும். 'பலவீனம்' என்று பொதுவாக எழுதி வைப்பதில் பயனில்லை. கைபிடி இல்லாத கதிரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, குந்தி எழ முடிகிறதா, தலை வாரக் கை உயர்கிறதா, தண்ணீர் குடிக்கையில் புரையேறுகிறதா என்று கேட்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். கிளினிக்கில் ஒரு தாதி ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

காலத்தோடு கண்டுபிடித்தால் பலருக்கு இது மருந்துக்கு அடங்கும் நோய். தொடக்க மருந்து மலிவான பிரெட்னிசலோன்தான், அளவு மட்டும் அதிகம். அதற்கு அடங்காதவர்களுக்கு அமெரிக்காவில் 2017 முதல் இப்ரூட்டினிப், ருக்சோலிட்டினிப், பெலுமோசுடில் என்று இந்நாட்பட்ட நோய்க்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி கிடைத்திருக்கிறது. அவற்றின் விலையைக் கேட்டால் நம்மவருக்கு இன்னொரு முறை வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பத்திரிகைக்கு வர வேண்டியிருக்கும். ஆகவே முதல் மருந்திலேயே அடங்கும் காலத்தில் பிடிப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும். மருந்து பிடித்தால் சி.பி.கே. சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். கால்களுக்குப் பலம் திரும்ப மாதங்கள் ஆகும். உடற்பயிற்சிச் சிகிச்சையும் கூட வேண்டும். அந்த மாதங்களில் மலை ஏறாத இலகு வேலை தரும்படி தோட்டத்து அலுவலகத்துக்கு வைத்தியர் ஒரு கடிதம் எழுதுவது வழக்கம். அதைப் பெற்றுக்கொண்டு போகும் நோயாளிக்கும் வாசிக்கத் தெரிந்த மொழியில் அக்கடிதத்தின் பிரதி ஒன்று இருக்கட்டும்.